என் காலை நேர்ந்துக்கிட்டவரு

எலும்பு கூடிருச்சு. இதை எனக்குச் சொல்லாத ஆளு எங்க பக்கத்துல யாரும் பாக்கி இல்ல. டாக்டர் சொன்னாரு. சரி, அவரு படம் பாத்துச் சொன்னாரு. அப்புறம் வீட்டுக்காரர் சொன்னாரு, அவரோட அக்கா சொன்னாங்க, ரவிக்கை தைக்கக் குடுக்க வந்த பொம்பளைங்க சொன்னாங்க. உறைமோர் வாங்க வந்தவகூட நின்னு சொல்லிட்டுத்தான் போனா. எலும்பு என்னோடது. எனக்கு மட்டும் அந்தச் சேதி வந்து சேரல.

வலது கணுக்கால். புரட்டாசியில மொத மழை பேஞ்சு எங்க வயல்ல விதைப்பு நடந்துக்கிட்டிருந்துச்சு. ஆர்.எஸ்.மங்கலத்துல இருந்து கொஞ்ச தூரம்தான் வயலு. டிராக்டர்ல இருந்த வீட்டுக்காரருக்குத் தூக்குவாளியில சோறு கொண்டு போனேன். வரப்பு ஊறிப்போயிக் கெடந்துச்சு. வச்ச கால் வழுக்கி, பாதம் ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் விழுந்தேன். விழுந்த எடத்துல இருந்து பாக்குறேன், என் பாதம் வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கு. கத்தக்கூட இல்ல. சோறு கொட்டிப்போச்சேன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்புறம்தான் வலி வந்துச்சு, வந்தது இன்னும் போகல.

ராமநாதபுரத்துல ஆப்பரேசன். ரெண்டு பக்கமும் ஒடைஞ்சிருக்குன்னு தகடு வச்சு ஸ்க்ரூ போட்டாங்க. தியேட்டருக்குள்ள என்னையத் தள்ளிக்கிட்டுப் போன நேரத்துல, வெளிய நின்ன வீட்டுக்காரர் அவங்க பூர்வீக ஊர் இருக்கிற திசையைப் பாத்துக் கும்பிட்டு, ஆத்தா, இவ கால் குணமாயிட்டா வர்ற சித்திரையில இவளை உன் பூக்குழியில எறக்கி விடுறேன்னு வேண்டிக்கிட்டாரு. எனக்கு மயக்கம் தெளிஞ்சதும் கையைப் பிடிச்சுக்கிட்டு மொதல்ல சொன்னதே அதைத்தான். பொய் சொல்ல மாட்டேன், அன்னைக்கு எனக்கு அழுகையா வந்துச்சு. கல்யாணமாகி இத்தன வருசத்துல எனக்காக அவரு கண்ணு கலங்கி அன்னைக்குத்தான் பாத்தேன். நெருப்புல எறங்கப்போறது அவரு இல்ல, நான்தான்கிறது அந்த நேரத்துல மண்டையில ஏறல. மயக்க மருந்து அப்படி.

ஒன்றரை மாசம் கட்டு. அப்புறம் வாக்கர், அப்புறம் கம்பு. தையில கம்பையும் விட்டாச்சு. படத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்த டாக்டர், எலும்பு நல்லாக் கூடிருச்சும்மா, வலியும் வீக்கமும் கொஞ்ச நாளைக்கு இருக்கும், சில பேருக்கு ஒரு வருசம்கூட ஆகும், நடந்து பழகுங்கன்னாரு. வீட்டுக்காரர் பக்கத்துலதான் நின்னாரு. அவரு காதுல விழுந்தது மொத பாதி மட்டும்தான். பஸ் ஏறுறதுக்குள்ள அவரோட அக்காவுக்குப் போனைப் போட்டு, கால் குணமாயிருச்சு, பூக்குழிக்குப் பேர் குடுத்துருன்னு சொல்லிட்டாரு. நான் பக்கத்துல ஒரு கையில பஸ் ஸ்டாண்டுக் கம்பி, ஒரு கையில எக்ஸ்ரே கவருன்னு நிக்கிறேன். எனக்கு அங்கனயே பத்திக்கிட்டு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுன்னு பாத்து வாயை மூடிக்கிட்டேன்.

வலி எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். காலையில எந்திரிச்சு மொத அடி வைக்கிறதுக்குள்ள நான் கட்டில்லயே கொஞ்ச நேரம் உக்காந்து மனசைத் திடம் பண்ணிக்கணும். மொத பத்து அடி கல்லு மேல வைக்கிற மாதிரி. அப்புறம் கொஞ்சம் எளகும். பதினொரு மணி வாக்குல நம்மளும் மனுசிதான்னு ஒரு நெனப்பு வரும். சாயந்திரம் கணுக்கால் இருந்த எடமே தெரியாம வீங்கி, தோலு மினுமினுன்னு நிக்கும். ராத்திரி போர்வை பட்டாக்கூட ஆகாது. இது எல்லாத்தையும் தாங்கிரலாம். தாங்க முடியாதது ஒண்ணு உண்டு. நல்லா நடந்துக்கிட்டே இருப்பேன், சொல்லாமக் கொள்ளாமக் கணுக்கால் மடங்கும். அடுப்படியில மடங்கியிருக்கு, வாசப்படியில மடங்கியிருக்கு. பூக்குழி எத்தன அடி நீளம்னு எனக்குத் தெரியும், வருசா வருசம் பாக்குறவ. உள்ள எறங்குனா நிக்காம அக்கரைக்குப் போயிரணும். நடுவுல என் கால் மடங்குனா நான் எங்கன விழுவேன்னு யாராவது யோசிச்சாகளா? இல்ல.

நான் தையக்காரி. கால் மிசினு. வலது கால்தான் பெடல்ல இருக்கும். அது மாட்டேன்னதும் இடது காலால மிதிச்சுப் பழகுனேன். கை ஒரு பக்கம் போகும், துணி ஒரு பக்கம் போகும், தையல் கோணும், பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கணும். ரெண்டு ரவிக்கைக்குக் கையை எசகுபிசகாத் தச்சு வச்சு, குடுத்தவக வாயில விழுந்து எந்திரிச்சேன். இந்தத் தொழில்ல நான் பேரு வாங்குனவ. எனக்கு எம்புட்டு எரிச்சலா இருந்திருக்கும்னு பாத்துக்கங்க.

வைத்தியத்துக்கும் கொறச்சல் இல்ல. தொண்டிப் பக்கமிருந்து மொபெட்டுல மீன் கொண்டு வர்றவருகிட்ட, பொட்டியடியில கெடக்குற ஐஸ் கட்டியைக் கேட்டு வாங்கி, பழைய துண்டுல சுத்திக் கட்டிக்கிருவேன். அவரு பாவம், ஒரு நாளும் இல்லன்னு சொன்னதில்ல. கால் பூராம் சங்கரா மீன் வாடை. எங்க வீட்டுப் பூனைக்கு அந்த மாசம் பூராவும் என் மேல அப்படி ஒரு பாசம். ராத்திரிக்குக் கல்லுப்பை வறுத்து ஒத்தடம். பயிற்சி சொல்லிக் குடுத்த பொண்ணு, தண்ணி பாட்டிலை உள்ளங்கால்ல உருட்டணும், கட்டை வெரலால ஆகாசத்துல அனா ஆவன்னா எழுதணும்னு சொல்லி அனுப்பிச்சுச்சு. ஒரு வாரம் ஒழுங்காத்தான் எழுதுனேன். அப்புறம் கட்டை வெரலால கெட்ட வார்த்தையா எழுத ஆரம்பிச்சேன். யாருக்கும் தெரியாது, மனசுக்கும் கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. வீட்டுக்காரர் எதுக்க உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருப்பாரு. அவரைப் பத்தித்தான் எழுதிக்கிட்டு இருப்பேன்.

அவரு கெட்ட மனுசன் இல்ல. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவரா இருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போயிரலாம். கட்டுப் போட்டிருந்த நாள்ல சோறாக்கிப் போட்டாரு, தண்ணி வெளாவி வச்சாரு, கக்கூசுக்குப் பிளாஸ்டிக் நாக்காலியில ஓட்டை போட்டு அவரே செஞ்சு குடுத்தாரு. கட்டுப் பிரிச்ச அன்னையோட எல்லாம் நின்னுபோச்சு. கட்டு இருந்தாத்தான் வலி, கட்டு இல்லாட்டி வலி இல்லன்னு ஒரு கணக்கு. நொண்டிக்கிட்டே வந்து காப்பியை வச்சா, அவரு வாயில இருந்து வர்றது ஒரே கேள்விதான்.

"இன்னுமா வலிக்குது?"

அந்த "இன்னுமா"வுல எத்தன அர்த்தம் இருக்குங்கிறீங்க. நடிக்கிறியா, சோம்பேறித்தனமா, மனசைத் திடமா வச்சிக்க மாட்டியா, எல்லாம் அதுக்குள்ள இருக்கு. ஆமாம்னு சொன்னா மூஞ்சி தொங்கிப்போகும். இல்லன்னு சொன்னா அப்ப எந்திரிச்சு நடன்னு வரும். கொஞ்ச நாள்ல நான் பதிலே சொல்றதில்ல. பாத்திரத்தை மட்டும் டங்குன்னு வைப்பேன்.

அவரோட அக்காவை நான் மதினின்னு கூப்பிடுவேன். பூர்வீக ஊர்லயே வாக்கப்பட்டவுங்க, கோயிலுக்கு நாலு வீடு தள்ளி வீடு. மாசி பொறந்ததுல இருந்து அவுங்க போன்தான். வலி ஏன் போகலன்னு அவுங்க கண்டுபிடிச்சிட்டாகளாம். நேர்ச்சை பாக்கி இருக்கு, ஆத்தா காலைப் பிடிச்சு வச்சிருக்கா, பூக்குழி எறங்குன அன்னைக்கே வலி பறந்துரும். நான் கேட்டேன், மதினி, ஒங்க தம்பி வேண்டிக்கிட்டது கால் குணமாயிட்டா எறக்கி விடுறேன்னுதானே? குணமாயிருச்சுன்னா எனக்கு எப்படி வலிக்குது? வலிக்குதுன்னா நான் எப்படி எறங்குறது? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. இப்படி வியாக்கியானம் பேசித்தான் காலு இந்த லட்சணத்துல கெடக்குன்னு சொல்லிப் போனை வச்சுட்டாக. சாயந்திரமே குடும்பத்து வாட்ஸப் குரூப்புல ஆத்தா படத்தைப் போட்டு, சாமி குத்தம் பொல்லாததுன்னு கீழ எழுதியிருந்தாக. பேர் சொல்லல. என்னையத்தான்னு எல்லாருக்கும் தெரியும்.

வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுப் பாத்தேன். ஒரு வருசம் தள்ளி எறங்குறேங்க, கால் நல்லாகட்டும், நானே சொல்லிக்கிட்டு எறங்குறேன்னேன். ஊருக்குப் பேர் குடுத்தாச்சுன்னாரு. பேர் குடுத்தது யாருன்னேன். மறுநாள் மஞ்சச் சேலை ஒண்ணு வாங்கிட்டு வந்து மிசினு மேல வச்சிட்டு வயலுக்குப் போயிட்டாரு. அதை எடுத்து மடிச்சுப் பொட்டிக்கு அடியில திணிச்சேன். பயத்துல பாதி, கோவத்துல பாதி.

அவங்க ஊர்க் கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. பூக்குழிக்கு எட்டு நாள் முன்னாடி காப்புக் கட்டு. நேர்ந்துக்கிட்டவுக எல்லாம் ஊருணியில குளிச்சு, ஈரச் சேலை வேட்டியோட வரிசையா நிக்கணும். பூசாரி ஒவ்வொருத்தரா வந்து, நெனச்சது நடந்துச்சான்னு கேப்பாரு. நடந்துச்சுன்னு வாய்விட்டுச் சொன்னாத்தான் மஞ்சக் கெழங்கு கோத்த கயித்தைக் கையில கட்டுவாரு. நடக்காத காரியத்துக்கு யாரும் நெருப்புல எறங்கக் கூடாதுங்கிறதுக்காக முன்னோர்கள் வச்ச கேள்வி அது. நல்ல கேள்விதான். எங்க சனம் அதைப் பாழாக்கி வச்சிருக்கு. இல்லன்னு சொன்னா ஆத்தாவைக் கொறை சொன்ன மாதிரி ஆயிருமாம். அதனால கேட்ட வாய் மூடுறதுக்குள்ள எல்லாரும் நடந்துச்சும்பாக. போர்ல தண்ணி வரணும்னு நேர்ந்து, புழுதியா வந்த மனுசன் போன வருசம் நடந்துச்சுன்னு சொல்லிக் காப்புக் கட்டுனாரு. மகளுக்கு வேலை கெடைக்கணும்னு நேர்ந்தவுகளும் சொன்னாக, அந்தப் பொண்ணு இன்னைக்கும் வீட்டுலதான் இருக்கு. இதெல்லாம் பாத்து நானே சிரிச்சிருக்கேன். எனக்கு வர்றப்பத்தான் தெரியுது.

காப்புக் கட்டு அன்னைக்குக் காலையில பைக்குல கூட்டிப் போனாரு. உண்மையைச் சொல்லணும்னா, போறப்பவே நான் தோத்துப் போயிட்டேன். ஏழு மாசமா வலிக்குது வலிக்குதுன்னு சொல்லி எனக்கே என் சொல்லு புளிச்சுப்போச்சு. சரி, நடந்துச்சுன்னு சொல்லித் தொலைப்போம், எறங்கித் தொலைப்போம், விழுந்தா விழுந்துட்டுப் போறேன், அப்பவாவது வலிக்குதுன்னு நம்புவாகள்ல. இப்படித்தான் என் புத்தி ஓடுச்சு. இப்ப நெனச்சா என் மேலயே எனக்குக் கோவம் வருது.

ஈரச் சேலையோட நின்னோம். சித்திரை வெயில்லயும் எனக்குக் கணுக்கால்ல இருந்து மேல குளிர் ஏறுது. எனக்குப் பின்னாடி வீட்டுக்காரர், அவருக்குப் பக்கத்துல மதினி. பூசாரி எங்ககிட்ட வர நேரமாச்சு. நான் இடது கால்லயே பாரத்தைப் போட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். ஒழுங்கா ரெண்டு கால்லயும் நில்லுத்தா, பாக்குறவுக என்ன நெனப்பாகன்னு மதினி காதுக்கிட்ட வந்து சொன்னாக. நின்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

பூசாரி தட்டோட என் முன்னால வந்தாரு. வயசாளி, சிரிக்க மாட்டாரு, வளவளன்னு பேச மாட்டாரு. என் மூஞ்சியைப் பாத்து, "தாயி, நெனச்சது நடந்துச்சா?"ன்னு கேட்டாரு.

நான் வாயைத் தெறந்துட்டேன். சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள எனக்குப் பின்னாடி இருந்து வீட்டுக்காரர் குரல் வருது. "நடந்துச்சுங்க சாமி."

கேட்டது என்னைய. கால் என்னோடது. நிக்கிறது நான், எறங்கப்போறது நான், விழுந்தா வேகப்போறது நான். அந்தப் பொய்யைக்கூட என் வாயால சொல்ல விடல அந்த மனுசன். இத்தன மாசமா அடக்கி வச்சிருந்தது பூராம் அந்த ஒரு நிமிசத்துல தொண்டைக்கு வந்துருச்சு. கத்தல. கத்துவேன்னு நானே நெனச்சேன், குரல் சாதாரணமாத்தான் வந்துச்சு.

"நடக்கல சாமி. கால் குணமாகல. வலிக்குது."

மேளம் அடிக்கிறவரு குச்சியைத் தூக்குன கையோட நின்னாரு. மதினி பின்னாடி இருந்து என் சேலையைப் பிடிச்சு இழுக்குறாக. வீட்டுக்காரர் முன்னால வந்து, டாக்டரே சொல்லிட்டாரு சாமி, எலும்பு கூடிருச்சு, படம்கூட இருக்குன்னு சொல்றாரு. போன்ல படத்தைத் தேட ஆரம்பிச்சிட்டாரு, ஆத்தா சன்னதியில எக்ஸ்ரே காட்டப்போறாரு! பூசாரி அந்தப் போனைப் பாக்கவே இல்ல.

"கால் யாருது?"ன்னு கேட்டாரு.

என்னோடதுன்னேன்.

"அப்ப நீ சொன்னதுதான்"னாரு. எனக்குன்னு எடுத்திருந்த காப்பைத் திரும்பத் தட்டுல போட்டாரு. குணமாகட்டும், அப்புறம் பாப்போம், ஆத்தா எங்க போயிறப்போறான்னு சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாரு. அம்புட்டுத்தான். இம்புட்டு நாள் நான் செத்துச் செத்துப் பொழச்ச விசயம் அவருக்கு ஒரு நிமிச வேலை. எனக்கு அடுத்து நின்ன பொம்பளை, நெனச்சது நடந்துச்சான்னு கேட்டதுக்கு, கொஞ்ச நேரம் யோசிச்சுத்தான் பதில் சொன்னா.

கோயிலுக்கு வெளிய வேப்ப மரத்தடியில பைக்கு நின்னுச்சு. அங்கன வந்ததும் வீட்டுக்காரர் திரும்புனாரு. மூஞ்சி செவந்து கெடக்கு.

"ஊருக்கு முன்னாடி என்னையப் பொய்யனாக்கிட்ட."

"ஒரு தடவை ஆக்குனேன்"னு சொன்னேன். "நீங்க என்னையக் கட்டுப் பிரிச்ச நாள்ல இருந்து பொய்க்காரி ஆக்குறீங்க. தினம். வீட்டுக்குள்ள வச்சு."

அவரு சாவியை எடுத்தாரு, பைக்குல போட்டாரு, திரும்ப எடுத்தாரு. அப்புறம் தரையைப் பாத்துக்கிட்டே சொல்றாரு, நீ பஸ்ல வா. பைக்குல ஒரு பக்கமா உக்காந்து காலைத் தொங்கப்போட்டா ஒனக்கு வெளிப் பக்கத்து எலும்புலதான் பிடிக்கும், ரெண்டு நாளைக்கு எறங்காம வீங்கிக் கெடக்கும், மூணாம் நாள்தான் செருப்பு உள்ள போகும்.

நான் அப்படியே நின்னுட்டேன். வெளிப் பக்கத்து எலும்பு. ரெண்டு நாள். மூணாம் நாள் செருப்பு. இதை நான் அவருகிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. யாருகிட்டயும் சொன்னதில்ல.

"அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்னு தலையை ஆட்டுனாரு. தெரிஞ்சும் எதுக்குன்னு கேட்டேன். குணமாயிருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா ஆயிரும்னு நெனச்சேன்னாரு. நான்தானே ஒன்னையச் சோறு கொண்டு வரச் சொன்னேன், ஈர வரப்புல, அப்படீன்னாரு.

படிக்கிறவுக மனசு எளகலாம். எனக்கு எளகல. எனக்கு இன்னும் ரெண்டு மடங்காக் கோவம் வந்துச்சு. நம்பாத ஆளுகிட்ட மல்லுக்கு நிக்கலாம், எடுத்துச் சொல்லலாம், வீக்கத்தைக் காட்டலாம், அழுது காட்டலாம். நான் அப்படித்தான் இத்தன நாளும் மல்லுக்கட்டுனேன். அவரு நம்பிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. எந்தப் பக்கம் வலிக்கும், எத்தன நாள் வலிக்கும்னு எனக்குத் தெரியாமலே பாத்துப் பாத்து மனசுல வச்சிருக்காரு. அவரு மனசு சங்கடப்படக் கூடாதுங்கிறதுக்கு, எனக்கு வலிக்கலன்னு ஆக்கிட்டாரு. நெருப்புல எறக்குற வரைக்கும் போயிட்டாரு. இதை எதுல சேக்குறது? வாயில வந்ததையெல்லாம் அந்த வேப்ப மரத்தடியில வச்சு அவரைக் கேட்டேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள டவுன் பஸ் வந்துருச்சு.

அவருதான் கை காட்டி நிறுத்துனாரு. நான் படியில கால் வைக்கப் போறேன், அவரு எனக்கு முன்னாடி போயி, பஸ்ஸுக்குள்ள இருக்கிற சனம் பூராவும் கேக்குற மாதிரி கண்டக்டர்கிட்டச் சொல்றாரு.

"இவுகளுக்குக் கால் ஒடைஞ்சு இன்னும் குணமாகல. ரொம்ப வலிக்குது இவுகளுக்கு. ஏறி உக்காந்தப்புறம் வண்டியை எடுங்க."

முன் சீட்டுல இருந்த ஒருத்தர் எந்திரிச்சு எடம் குடுத்தாரு. உக்காந்து காலைக் கம்பி மேல தூக்கி வச்சேன். சன்னல் வழியாப் பாத்தா அவரு கீழ நின்னுக்கிட்டு இருக்காரு, நான் ஏதாவது சொல்லுவேன்னு. எப்பச் சொல்றாரு பாருங்க. எங்க சொல்றாரு பாருங்க. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். கண்டக்டர் வந்து எங்கம்மா எறங்கணும்னு கேட்டாரு. வாயைத் தெறந்தா அழுகை வந்துரும்னு, டிக்கெட்டுக்குக் காசை மட்டும் நீட்டுனேன்.